எந்த ஊர் வெளிச்சத்தில் பார்த்தார்கள்? வீடியோ கேமரா மதிப்புரைகளை ஒப்பிட்டுப் படிக்கும் முறை

ஈரோட்டு மஞ்சள் சந்தையில் ஒரே குவியலிலிருந்து எடுத்த விரலி மஞ்சளை நான்கைந்து வியாபாரிகள் கையில் வாங்கிப் பார்ப்பதைக் கண்டிருப்பீர்கள். ஒருவர் ஒடித்து உள்நிறத்தைப் பார்க்கிறார். ஒருவர் விரலின் நீளத்தையும் பருமனையும் பார்க்கிறார். இன்னொருவர் நன்றாகக் காய்ந்திருக்கிறதா என்று பார்க்கிறார். பிறகு அவர்கள் சொல்லும் விலைகள் ஒன்றுபோல் இருப்பதில்லை. அரைவைக்கு வாங்குகிறவருக்கு நிறம் முக்கியம், முழு விரலியாக வெளியூருக்கு அனுப்புகிறவருக்குத் தோற்றம் முக்கியம். யார் சொன்ன விலையும் பொய்யில்லை. ஆனால் அவர் எதற்காகப் பார்த்தார் என்பது தெரிந்த பிறகே அந்த விலையின் பொருள் நமக்கு விளங்குகிறது. கடைகளில் கேம்கார்டர் என்றும் ஹேண்டிகேம் என்றும் கேட்டு வாங்கும் எச்.டி. வீடியோ கேமராவைப் பற்றி வல்லுநர்கள் எழுதும் மதிப்புரைகளையும் இப்படித்தான் படிக்க வேண்டும் என்று நான் கற்றுக்கொண்டேன். அதைக் கற்றுக்கொள்வதற்கு ஊர்ப்பணம் செலவாயிற்று.

கோபிசெட்டிபாளையத்துப் பக்கம் உள்ள எங்கள் ஊரில், வள்ளி, முருகன் கதையைப் பாடிக்கொண்டே வட்டமாக ஆடும் வள்ளிக்கும்மியைப் பல மாதங்கள் பழகிய குழுவின் அரங்கேற்றத்தை நாங்களே பதிவு செய்து வைக்கலாம் என்று வீட்டுக்கு வீடு பணம் போட்டோம். எந்தக் கேமரா என்று முடிவு செய்யும் பொறுப்பு என்னிடம் வந்தது. நான்கு மதிப்புரைகளைத் தேடிப் படித்து, அவை கொடுத்திருந்த மதிப்பெண்களைக் கூட்டி நான்கால் வகுத்து, முதலிடத்தில் வந்த கேமராவை வாங்கினேன். அரங்கேற்றம் ஆனிக் கடைசியில், காற்றுக் காலத்தில், இரவு வேளையில் நடந்தது. மறுநாள் டி.வி.யில் போட்டுப் பார்த்தபோது, டியூப்லைட் கட்டியிருந்த பக்கம் முழுவதும் வெளிச்சம் துடித்துக்கொண்டே இருந்தது. வட்டத்தின் எதிர்ப்புறம் ஆடியவர்களை ஜூம் செய்த இடங்களில் முகங்கள் புள்ளிபுள்ளியாகச் சிதறிக் கிடந்தன. கும்மி பழக்கிய வாத்தியார் வள்ளியின் தினைப்புனத்தைப் பாடும் பகுதியில் பாட்டைவிடக் காற்றுச் சத்தமே ஓங்கி இருந்தது. திருமணங்களுக்கு வீடியோ எடுத்துப் பழகிய பெரியவர் ஒருவரிடம் அந்த நான்கு மதிப்புரைகளையும் காட்டினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: “ஏனுங்க தம்பி, இதையெல்லாம் எந்த ஊரு வெளிச்சத்துல வெச்சுப் பாத்தாங்கனு பாத்தீங்களா?”

அந்தக் கேள்வியிலிருந்து தொடங்கினால் மதிப்புரை என்றால் என்ன என்பதே தெளிவாகிவிடும். ஒரு மதிப்புரைக்குள் மூன்று வகைச் செய்திகள் கலந்திருக்கின்றன. கருவி வைத்து அளந்து சொன்னவை ஒரு வகை: குறைந்த வெளிச்சத்தில் படம் எவ்வளவு பிரகாசமாக வந்தது, பேட்டரி எத்தனை நிமிடம் தாங்கியது போன்றவை. கையில் வைத்துப் புழங்கியபோது கண்டவை இரண்டாவது வகை: பொத்தான் இருட்டில் கைக்கு அகப்படுகிறதா, திரை வெயிலில் தெரிகிறதா என்பன. இவை எல்லாவற்றையும் தமக்கு முக்கியமான அளவில் எடைபோட்டு அவர் இட்ட மதிப்பெண் மூன்றாவது. முதல் இரண்டும் கேமராவைப் பற்றியவை. மூன்றாவதில் மதிப்பிட்டவரின் தேவையும் சேர்ந்திருக்கிறது. புதிதாக வாங்குபவர்கள் பெரும்பாலும் மூன்றாவதை மட்டுமே எடுத்து ஒப்பிடுகிறார்கள்.

ஓர் எடுத்துக்காட்டு வைத்துக்கொள்வோம். ஒரே கேமராவுக்கு மூன்று மதிப்புரைகள் கிடைக்கின்றன. சுற்றுலாப் பயணங்களில் படம் எடுப்பவர், எடை குறைவு, கை நடுக்கம் தெரியவில்லை என்று பாராட்டிப் பத்துக்கு ஒன்பது கொடுக்கிறார். ஆய்வுக்கூடத்தில் சோதித்தவர், இருட்டில் படம் மங்குகிறது என்று ஆறு கொடுக்கிறார். திருமண வீடியோ எடுப்பவர், ஜூம் அருமை, ஆனால் ஹெட்போன் மாட்ட இடமில்லை என்று ஏழரை கொடுக்கிறார். சராசரி ஏழரை. இந்த ஏழரையை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. அது யாருடைய அனுபவமும் அல்ல. அதற்கு மாறாக, மூவர் சொன்ன குறை நிறைகளையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தால், இந்தக் கேமரா பகலில் வெளியே கொண்டுபோக நல்லது, இரவுத் திருவிழாவுக்கு ஆகாது என்பது ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். ஒருவரின் ஐந்து நட்சத்திர அளவுகோலும் இன்னொருவரின் நூறு மதிப்பெண் அளவுகோலும் வேறு வேறு என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். எழுபதுக்குக் கீழே எதற்குமே கொடுக்காத மதிப்பீட்டாளரிடம் எண்பது என்பது சுமாரான மதிப்பெண்தான்.

வல்லுநர்கள் ஒருவரோடு ஒருவர் முரண்படும் இடங்களைக் கண்டால் குழம்பிப் போகாமல் அங்கேயே சற்று நிற்பது நல்லது, ஏனெனில் அந்த முரண் பெரும்பாலும் ஒரே காரணத்திலிருந்து பிறக்கிறது. மேற்சொன்ன கேமராவையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவர் ஜூமைப் பாராட்டுகிறார், ஒருவர் இருட்டைக் குறை சொல்கிறார். கேமராவுக்குள் படம் விழும் சென்சார் சிறிதாக இருந்தால் சின்ன லென்ஸிலேயே முப்பது மடங்கு ஆப்டிக்கல் ஜூம் கொடுத்துவிடலாம். ஆனால் சிறிய சென்சார் குறைந்த வெளிச்சத்தையே வாங்கும். ஓரங்குல வகை என்று விற்கப்படும் சென்சாரின் உண்மை அளவு 13.2 மி.மீ.க்கு 8.8 மி.மீ.; 1/2.3 அங்குல வகை என்பது ஏறத்தாழ 6.2 மி.மீ.க்கு 4.6 மி.மீ. பரப்பில் நான்கு மடங்கு வேறுபாடு. அதோடு, சிறு கேம்கார்டர்களில் லென்ஸின் திறப்பு ஜூம் செய்யச் செய்யச் சுருங்குகிறது. திறப்பை எஃப் எண்ணால் குறிப்பார்கள்; எண் பெரிதானால் திறப்பு சிறிது. எஃப் 1.8 என்பது முழு ஜூமில் எஃப் 4 ஆகிவிட்டால், உள்ளே வரும் வெளிச்சம் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். கும்மி வட்டத்தின் மறுபுறத்தில் ஆடியவர்களின் முகம் சிதறியதற்கு இதுதான் காரணம். நான் படித்த மதிப்புரைகளில் ஒன்று ஜூமையும் இன்னொன்று இருட்டையும் பற்றிச் சொல்லியிருந்தன. இரண்டையும் இணைத்துப் பார்க்க எனக்குத் தெரியவில்லை.

வெளிச்சத்தைப் பற்றி இன்னும் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் பக்கத்தில் பதிவு செய்யத் தோன்றும் பெரும்பாலான நிகழ்ச்சிகள் இரவிலோ மண்டபத்துக்குள்ளேயோதான் நடக்கின்றன. வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகால் அளக்கிறார்கள். நடுப்பகல் வெயில் ஒரு லட்சம் லக்ஸ் வரை போகும். நல்ல வெளிச்சமுள்ள அலுவலக அறையில் முந்நூறு முதல் ஐந்நூறு லக்ஸ் இருக்கும். சாதாரண வீட்டுக் கூடத்தில் நூறு லக்ஸை ஒட்டி இருக்கும். கேமராப் பெட்டியில் “குறைந்தபட்சம் 3 லக்ஸ்” என்று போட்டிருந்தால் மூன்று லக்ஸில் நல்ல படம் வரும் என்று பொருளல்ல. ஏதோ ஓர் உருவம் தெரியும் என்று மட்டுமே பொருள். அதுவும் எந்த ஷட்டர் வேகத்தில், அதாவது ஒவ்வொரு படத்துக்கும் எவ்வளவு நேரம் வெளிச்சத்தை உள்ளே விட்டு அளந்தார்கள் என்பதைப் பொறுத்தது. வேகத்தைப் பாதியாக்கினால் சென்சாருக்குக் கிடைக்கும் வெளிச்சம் இரட்டிப்பாகும், அறிவிக்கும் லக்ஸ் எண்ணும் பாதியாகிவிடும், ஆனால் ஆடுகிறவரின் கை இழுபட்டு நிழல்போல் தெரியும். ஆகவே இரண்டு கம்பெனிகள் அச்சிட்ட லக்ஸ் எண்களை ஒப்பிடுவதில் பயனில்லை. ஒரே வல்லுநர் ஒரே அறையில் ஒரே விளக்கின் கீழ் இரண்டு கேமராக்களை வைத்து எடுத்த படங்களை ஒப்பிடுவதுதான் பயன் தரும். நல்ல மதிப்புரைகள் அப்படிப்பட்ட படங்களை அருகருகே கொடுக்கும். அவற்றைச் சொற்களைவிட அதிகமாக நான் நம்புகிறேன்.

பெரியவர் கேட்ட கேள்விக்குள் இன்னொரு நுட்பமும் இருந்தது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், ஐரோப்பாவிலும் அப்படியே. அமெரிக்காவில் 60 ஹெர்ட்ஸ். ஜப்பானில் டோக்கியோ உள்ளிட்ட கிழக்குப் பகுதிக்கு 50, ஒசாகா உள்ளிட்ட மேற்குப் பகுதிக்கு 60. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் எரியும் டியூப்லைட் ஒரு விநாடிக்கு நூறு முறை ஏறி இறங்குகிறது. நம் கண்ணுக்கு அது தெரிவதில்லை. விநாடிக்கு ஐம்பது படமாக, 1/50 அல்லது 1/100 விநாடி ஷட்டரில் எடுக்கும் கேமராவில் ஒவ்வொரு படத்துக்கும் ஒரே அளவு வெளிச்சம் கிடைத்துவிடும். அறுபது படமாக 1/60 ஷட்டரில் எடுத்தால் ஒரு படத்துக்குக் கூடுதலாகவும் அடுத்ததற்குக் குறைவாகவும் கிடைத்து, பார்க்கும்போது வெளிச்சம் துடிக்கும். மலிவான எல்.இ.டி. விளக்குகள் பலவற்றிலும் இதே தொல்லை உண்டு. எனவே அமெரிக்காவில் இருந்துகொண்டு எழுதிய வல்லுநர் “வீட்டுக்குள் படம் சீராக வருகிறது” என்று சொன்னால், அவருடைய வீட்டில் அது முழு உண்மை. அதே பதிப்பு கேமராவை அவிநாசியில் உள்ள மண்டபத்தில் வைத்தால் உண்மை மாறிவிடும். பிரிட்டனில் இருந்தோ ஜெர்மனியில் இருந்தோ வந்த மதிப்புரை இந்த ஒரு விஷயத்தில் நமக்கு நெருக்கமானது. ஐம்பதுக்கும் அறுபதுக்கும் மாற்றிக்கொள்ளும் வசதி கேமராவின் மெனுவில் இருக்கிறதா, ஷட்டர் வேகத்தை நாமே வைத்துக்கொள்ள முடிகிறதா என்பதை மதிப்புரையில் தேடிப் பாருங்கள். எங்கள் கேமராவில் இரண்டும் இல்லை.

திருமணங்களில் எடுக்க விரும்புகிறவர்கள் ஒன்றைக் கூடுதலாகக் கவனிக்கலாம். இக்காலத்து சென்சார்கள் பெரும்பாலும் படத்தை மேலிருந்து கீழாக வரிவரியாகப் படிக்கின்றன. பக்கத்தில் நிற்கும் போட்டோகிராபரின் ஃபிளாஷ் அதற்கு நடுவில் மின்னினால், ஒரு படத்தின் பாதி மட்டும் வெளுத்துப் போகும். திருமணச் சடங்குகளை நடத்திவைக்கும் அருமைக்காரர் சீர் செய்யும்போது நான்கு ஃபிளாஷ்கள் மாறி மாறி மின்னும் மேடையில் இது அடிக்கடி நிகழும். வேகமாகத் திரும்பினால் தூண்கள் சாய்வது போலத் தெரிவதற்கும் காரணம் இதே வரிவரிப் படிப்புதான். மதிப்புரைகளில் “ரோலிங் ஷட்டர்” என்று எழுதியிருப்பார்கள். கோயில் திருவிழாவில் தணல் மேல் நடந்து குண்டம் இறங்குவதைப் பண்ணாரியிலோ பாரியூரிலோ எடுக்க நினைப்பவர்களுக்கோ வேறொரு சோதனை தேவை. தணலின் வெளிச்சத்தைப் பார்த்துக் கேமரா தானாகப் படத்தை இருட்டாக்கிவிட்டால், நடந்து வருகிறவர்கள் வெறும் நிழல்களாகிவிடுவார்கள். எந்த வல்லுநரும் குண்டத்தில் வைத்துச் சோதிக்கப் போவதில்லை. ஆனால் ஜன்னலுக்கு முன் நிற்கும் ஆளையோ இருட்டு மேடையில் ஒளிவிளக்கின் கீழ் நிற்கும் பாடகரையோ எடுத்துக் காட்டியிருப்பார்கள். அதிலிருந்து நாம் ஊகித்துக்கொள்ளலாம்.

ஒலியைப் பற்றி மதிப்புரைகள் சுருக்கமாகவே பேசுகின்றன, எனக்கு இதில் மனக்குறை உண்டு. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம், தாராபுரம் வரை வீசுகிறது. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்று சொல்லிப் பழகியவர்கள் நாம். கேமராவோடு ஒட்டியிருக்கும் மைக்கில் அந்தக் காற்று மோதும் சத்தம், பிறகு எந்த மென்பொருளாலும் முழுவதும் நீங்காது. வெளி மைக் மாட்டும் துளை இருக்கிறதா, அதற்குப் பஞ்சு உறை போட முடியுமா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அடுத்தது, ஒலியளவை நாமே நிறுத்தி வைக்கும் வசதி. தானியங்கி ஒலியளவு உள்ள கேமராவில் மேளம் ஓங்கி அடித்தவுடன் மொத்த ஒலியும் அமுக்கப்பட்டு, வாத்தியாரின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் ஆகிவிடும். மேளம் ஓய்ந்ததும் கூட்டத்தின் சலசலப்பு ஏறி வரும். கும்மியில் பாட்டும் அடியும் ஒன்றுக்கொன்று துணையாக நிற்பவை. தேக்கம்பட்டியைச் சேர்ந்த பத்ரப்பன் அவர்களுக்கு வள்ளி ஒயில் கும்மிக்காக 2024இல் பத்மஸ்ரீ விருது கிடைத்த பிறகு, தங்கள் ஊர்க் கும்மியைப் பதிவு செய்து வைக்க வேண்டும் என்ற ஆசை பலருக்கு வந்திருக்கும். அவர்கள் படத்தின் துல்லியத்தைப் பார்க்கும் அளவுக்கு ஒலியையும் பார்த்து வாங்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

நீண்ட நேரப் பதிவு அடுத்த விஷயம். முழு எச்.டி. என்பது அகலத்தில் 1920, உயரத்தில் 1080 புள்ளிகள் கொண்ட படம். 2006இல் சோனியும் பானசோனிக்கும் கொண்டுவந்த ஏ.வி.சி.எச்.டி. முறையில் உயர்தரப் பதிவு விநாடிக்கு 24 மெகாபிட் அளவில் இருந்தது. அதாவது விநாடிக்கு 3 மெகாபைட், ஒரு மணிக்கு ஏறத்தாழ 11 ஜி.பி. சில கேமராக்கள் ஒரு கோப்பு 4 ஜி.பி. ஆனதும் அதை மூடி அடுத்த கோப்பைத் தொடங்கும். இந்தக் கணக்கில் அது சுமார் 22 நிமிடத்துக்கு ஒருமுறை நிகழும். அந்த இணைப்பில் சில படங்கள் விட்டுப் போகின்றனவா என்பதை ஒரு மணி நேரம் தொடர்ந்து எடுத்துப் பார்த்த வல்லுநர்தான் சொல்ல முடியும். கம்பெனி அறிவிக்கும் பேட்டரி நேரத்தில் “தொடர் பதிவு” என்றும் “வழக்கமான பதிவு” என்றும் இரண்டு எண்கள் இருக்கும். இரண்டாவது ஏறக்குறைய முதலாவதில் பாதி, அதுவே நம் கணக்குக்கு உதவும். வெப்பத்தையும் மறக்க வேண்டாம். இக்கருவிகள் பெரும்பாலும் 40 டிகிரி வரைக்கும்தான் உத்தரவாதத்தோடு வருகின்றன. சித்திரை மாதத்தில் கரூரிலும் ஈரோட்டிலும் நிழலிலேயே அந்த அளவைத் தாண்டுகிறது. குளிரூட்டிய அறையில் நடத்திய சோதனையில் சூடேறவில்லை என்று எழுதியிருந்தால் அதை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் அந்த அறையிலேயே சூடேறி நின்றுவிட்டது என்று எழுதியிருந்தால் அந்தக் கேமராவை உடனே ஒதுக்கிவிடலாம்.

மதிப்புரை போதுமான அளவு கிடைக்கவில்லை என்று சிலர் சொல்வார்கள். ஒரே கேமரா ஊருக்கு ஒரு பெயரில் விற்கப்படுவது அதற்கு ஒரு காரணம். கேனான் தன் கேம்கார்டர்களை அமெரிக்காவில் விக்சியா என்றும், ஐரோப்பாவிலும் ஆசியாவின் பல பகுதிகளிலும் லெக்ரியா என்றும், ஜப்பானில் ஐவிஸ் என்றும் விற்றது. நம் கடைப்பெட்டியில் உள்ள பெயரை மட்டும் தேடினால் இரண்டு மதிப்புரைகள் கிடைக்கும். வெளிநாட்டுப் பெயரையும் சேர்த்துத் தேடினால் பத்து கிடைக்கும். எழுதிய தேதியையும் பார்க்க வேண்டும். “இந்த விலைக்கு இதைவிட நல்லது இல்லை” என்ற வாக்கியம் எழுதப்பட்ட மாதத்துக்கு மட்டுமே பொருந்தும்.

கேமரா வல்லுநரின் கைக்கு எப்படி வந்தது என்பதும் தெரிய வேண்டும். அமெரிக்காவில் 1936 முதல் இயங்கும் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ், ஜெர்மனியில் 1964 முதல் இயங்கும் ஷ்டிஃப்டுங் வாரன்டெஸ்ட் ஆகிய அமைப்புகள் கடையில் சாதாரண வாடிக்கையாளர்போல் பணம் கொடுத்து வாங்கிச் சோதிக்கின்றன. வேறு பலர் கம்பெனி அனுப்பிய கருவியைச் சோதிக்கிறார்கள். சில நேரங்களில் அது விற்பனைக்கு வருமுன் செய்த மாதிரிப் பிரதியாகவும் இருக்கும். 1998இல் தொடங்கப்பட்டுப் பெரும் மதிப்புப் பெற்ற டிபிரிவ்யூ என்ற கேமரா மதிப்புரை இணையதளம் 2007 முதல் 2023 வரை அமேசானின் உடைமையாக இருந்தது. அதனால் அங்கே எழுதியவர்கள் நேர்மையற்றவர்கள் என்று சொல்வது அநியாயம். அவர்களுடைய சோதனைப் படங்கள் எனக்கு மிகவும் உதவியிருக்கின்றன. விற்பவரும் மதிப்பிடுபவரும் ஒரே கூரையின் கீழ் இருந்தார்கள் என்பதை வாசகர் அறிந்து படிப்பது முறை, அவ்வளவே. நம் நாட்டிலும் விளம்பரத் தரக் குழு 2021இல் சமூக ஊடகப் பிரபலங்களுக்கு விதிமுறை வகுத்தது. பணமோ பொருளோ பெற்றுக்கொண்டு பேசினால் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். தமிழில் வரும் யூடியூப் மதிப்புரைகளைப் பார்க்கும்போது அந்த அறிவிப்பு இருக்கிறதா என்று கவனியுங்கள்.

இரண்டாவது முறை வாங்கப் போனபோது நான் செய்ததைச் சொல்கிறேன். ஒரு நோட்டில் எங்கள் கும்மிக்கு வேண்டியவற்றை மட்டும் முதலில் எழுதினேன்: விநாடிக்கு ஐம்பது படப் பதிவு, ஷட்டரைக் கையால் வைப்பது, மைக் துளை, ஒலியளவைக் கையால் வைப்பது, இரண்டு மணி நேரம் நிற்காத பதிவு. பிறகு மூன்று கேமராக்களுக்கு, ஒவ்வொன்றுக்கும் நான்கு மதிப்புரைகளைப் படித்து, ஒவ்வொரு வரிக்கும் எதிரே யார் என்ன சொன்னார், எந்த நாட்டில் இருந்து சொன்னார், அளந்து சொன்னாரா, புழங்கிச் சொன்னாரா என்று குறித்தேன். மதிப்பெண்களை எழுதவே இல்லை. இரண்டு பேருக்கு மேல் ஒரே குறையைச் சொல்லியிருந்தால் அதை உண்மை என்று ஏற்றுக்கொண்டேன். ஒருவர் மட்டும் சொல்லியிருந்தால் கடையில் கேட்க வேண்டியது என்று வட்டமிட்டேன். கடைசியில் தேறிய கேமராவுக்கு மூன்றிலும் குறைந்த சராசரி மதிப்பெண்தான் இருந்தது; எடை அதிகம், பார்க்க அழகாக இல்லை என்பதே பெரும்பாலானவர்களின் குறையாக இருந்தது.

அந்த நோட்டை எடுத்துக்கொண்டு கோவை காந்திபுரத்துக் கடைக்குப் போனேன். என் மெமரி கார்டைப் போட்டு எடுத்துப் பார்க்கலாமா என்று கேட்டதற்கு, “தாராளமாப் பாருங்க” என்றார்கள். கடையின் பின்பக்கச் சேமிப்பறையில் ஒற்றை டியூப்லைட் எரிந்துகொண்டிருந்தது. அதன் கீழே மேசை விசிறியை முழு வேகத்தில் வைத்து, விசிறிக்கு எதிரே கேமராவை நிறுத்தி, கடைப் பையனை அறையின் மூலையில் நின்று பேசச் சொல்லி, முழு ஜூமில் ஐந்து நிமிடம் எடுத்தேன். பிறகு ஐம்பதிலிருந்து அறுபதுக்கு மாற்றி இன்னும் ஐந்து நிமிடம் எடுத்தேன். கார்டை வீட்டுக்குக் கொண்டுவந்து பெரிய டி.வி.யில் போட்டபோது, முதல் பதிவில் சுவர் அசையாமல் நின்றது. இரண்டாவதில் அரங்கேற்ற இரவில் பார்த்த அதே துடிப்பு தெரிந்தது. பையனின் முகத்தில் புள்ளிகள் இருந்தன, ஆனால் கண்ணும் மூக்கும் தெளிவாகத் தெரிந்தன. விசிறிக் காற்று மைக்கில் மோதிக்கொண்டுதான் இருந்தது. மறுநாள் போய்க் கேமராவோடு ஒரு வெளி மைக்கும் அதற்கு ஒரு பஞ்சு உறையும் சேர்த்து வாங்கி வந்தேன்.